எட்டு போட்டால் போதுமா? 18 வயதுப் பிள்ளைக்கு பைக் வாங்கும் முன்

கேள்வி: மகனுக்கு இரண்டு மாதத்தில் 18 வயது முடிகிறது. கல்லூரி 14 கி.மீ. தூரம், பாதி வழி நான்குவழிச் சாலை. 150 சிசி பைக் கேட்கிறான். இப்போதே தெருமுனைக் கடைவரை என் ஸ்கூட்டரை எடுத்துப் போகிறான். பைக் வாங்கிக் கொடுக்கலாமா? எப்படிப் பழக்குவது?

பதில்: முதலில் அந்த ஸ்கூட்டர் சாவியை வாங்கி வையுங்கள். கடைவரை போனாலும் சட்டத்தின் கண்ணில் அது வண்டி ஓட்டுவதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இரண்டு மாதம் பொறுப்பதே நல்லது. 16 வயதில் ஓட்டலாம் என்று சிலர் சொல்வது 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்; அதற்கும் லைசென்ஸ் வேண்டும். உங்கள் வீட்டு ஸ்கூட்டர் அந்தக் கணக்கில் வராது.

18 முடிந்ததும் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுங்கள். அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். பழகும்போது முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ இருக்கவேண்டும். கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது.

பெரும்பாலான பெற்றோர் இங்கேதான் தவறுகிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போட்டுவிட்டால் பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எட்டு போடுவது மெதுவாகப் போகும்போது வண்டி சாயாமல் பிடிப்பதைச் சோதிக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் குறுக்கே நாய் வந்தால் எப்படி நிறுத்துவது என்பதை அது சோதிப்பதில்லை. அந்த நிறுத்தத்தை நீங்கள்தான் பழக்கவேண்டும்.

ஊருக்கு வெளியே பிளாட் போட்டு, தார்ச்சாலையும் போட்டு, வீடு கட்டாமல் கிடக்கும் லேஅவுட் இதற்குத் தோதான இடம். ஞாயிறு காலையில் போங்கள். சாலையில் மணலோ ஜல்லியோ இருந்தால் முதலில் கூட்டித் தள்ளுங்கள். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் முன்சக்கரம் பட்டதும் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் 20 கி.மீ. வேகம், பிறகு 30, பிறகு 40. ஒவ்வொரு வேகத்திலும் பத்துத் தடவை. வண்டி நின்ற இடம்வரை அவனையே காலடியால் அளக்க விடுங்கள். 20-இல் நின்றதைவிட 40-இல் ஏறக்குறைய நான்கு மடங்கு தள்ளி நிற்பான். நூறு தடவை சொல்லிப் புரியாததை அந்தக் காலடிகள் புரியவைக்கும்.

பிடிக்கும் விதத்திலும் பாடம் இருக்கிறது. புதிதாக ஓட்டுபவர்கள் முன் பிரேக் வாரிவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிப்பார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். அது பூட்டிக்கொண்டு வால் ஆட்டும். முன் பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது. ஆனால் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி இறுக்கவேண்டும். பின் பிரேக்கும் கூடவே. ஹேண்டில் நேராக இருக்கவேண்டும். கிளட்ச் கடைசியில். வளைவிலும் மணலிலும் மழையில் வெள்ளைக் கோட்டின் மேலும் முன் பிரேக் ஆபத்து. அங்கெல்லாம் வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிடவேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் கட்டாயம். 150 சிசி வண்டிகள் பலவற்றில் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. பணம் ஒத்துவந்தால் இரண்டு சக்கரத்துக்கும் உள்ளதை எடுங்கள். அலாய் வீலையும் ஸ்டிக்கரையும்விட அந்தச் செலவுக்குத்தான் அர்த்தம் உண்டு. எங்கள் கருத்தில் முதல் வண்டிக்கு 110 அல்லது 125 சிசியே போதும். 14 கி.மீ. கல்லூரிச் சாலைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

நான்குவழிச் சாலைக்கு ஒரு கணக்கு. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக 1 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் 40 கி.மீ. வேகத்தில் நிற்க சுமார் 20 மீட்டர் தேவை. 60-இல் சுமார் 40 மீட்டர், அதாவது மூன்று பஸ் நீளத்துக்கும் மேல். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியபின் மூன்று நொடி கழித்துத் தான் தாண்டும்படி இடைவெளி விடப் பழக்குங்கள். மீடியன் (சாலை நடுவிலுள்ள தடுப்பு) திறந்திருக்கும் இடம் ஒவ்வொன்றையும் அவனோடு ஒருமுறை போய்ப் பார்த்து, எங்கே வண்டிகள் குறுக்கே திரும்புகின்றன என்று காட்டுங்கள். யூ-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் வருவதை ஒருநாள்கூட அனுமதிக்காதீர்கள். பஸ்ஸின் இடப்பக்கம் நுழையவே கூடாது: பயணிகள் இறங்குவார்கள், பஸ் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் ஓரத்தை அறுத்துக்கொண்டு வரும்.

லைசென்ஸ் கைக்கு வந்தபின் முதல் மூன்று மாதம் பகல் வெளிச்சத்தில், கல்லூரிக்குப் போய்வர மட்டும். மழை பெய்தால் பஸ். ஆறு மாதம் வரை பின்னால் நண்பன் வேண்டாம். எடை கூடி வண்டியின் சமநிலை மாறுவது ஒரு காரணம். நண்பன் ‘முறுக்குடா’ என்பது அதைவிடப் பெரிய காரணம். மூன்று பேர் ஏறினால் 1,000 ரூபாய் அபராதத்தோடு லைசென்ஸும் 3 மாதம் போகும்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் பாருங்கள். அதைப் போட்டு, தாடைப் பகுதியைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள். கன்னத்துத் தோலும் கூடவே நகரவேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் பெரிய அளவு. வாரை மாட்டியபின் தாடைக்கடியில் இரண்டு விரல் நுழைந்தால் சரி. ஒருமுறை விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். நீங்கள் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டினால் அவனும் அப்படித்தான் மாட்டுவான்.

வீட்டில் இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். முதல் வகுப்பு 9 மணிக்கு என்றால், கணக்குக்கு மேல் 20 நிமிடம் முன்னதாகக் கிளப்பிவிடுங்கள். தாமதமாகக் கிளம்பிய பையன்தான் சந்துபொந்தில் நுழைவான். போன் புத்தகப் பைக்குள் போகட்டும். அவன் வழியில் இருக்கும் அந்த முக்கால் மணிநேரம் ‘எங்கேப்பா இருக்க’ என்று நீங்களும் கூப்பிடாதீர்கள். போய்ச் சேர்ந்து வண்டியை ஸ்டாண்ட் போட்டபின் அவனே ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும்.