ஹோமிலிருந்து பிள்ளைகளை அரசு அழைத்துப்போனால் தாய்மாமன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். அக்கா இறந்து மூன்று வருடம் ஆகிறது. மாமா (அக்கா கணவர்) பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். ஒரு வருடமாகத் தகவலே இல்லை. அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியாமல், 9 வயதுப் பெண்ணையும் 6 வயதுப் பையனையும் ஓசூர் அருகே ஒரு தனியார் ஹோமில் விட்டோம். போன வாரம் அதிகாரிகள் வந்து, பதிவு இல்லை என்று ஹோமை மூடிவிட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். தாய்மாமன் நான் இருக்கும்போது அரசு எப்படி எடுத்துக்கொள்ளலாம்? தத்து கொடுத்துவிடுவார்களோ என்று அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார்.

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அவர் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. நம் பக்கத்தில் 'பிள்ளையை அரசு எடுத்துக்கொண்டது' என்றாலே தொட்டில்தான் நினைவுக்கு வரும். வளர்க்க முடியாத பச்சிளம் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்று 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் இதே மாவட்டம்தான். தொட்டிலில் விட்ட பிள்ளை திரும்பி வராது என்பதுதான் ஊர்க்கணக்கு.

உங்கள் பிள்ளைகள் விஷயம் வேறு. ஒரு குழந்தையைத் தத்து கொடுக்க வேண்டுமானால், குழந்தைகள் நலக் குழு (ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) விசாரித்து, பெற்றோரைத் தேடிப் பார்த்து, தத்துக்கு உரிய குழந்தை என்று சட்டப்படி அறிவிக்க வேண்டும். குறைந்தது மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. பாட்டியும் மாமனும் வந்து நிற்கிற பிள்ளைகளுக்கு அது அவ்வளவு எளிதில் நடக்காது. யாருமே போய் நிற்கவில்லை என்றால்தான் சிக்கல். அதனால் 'அழைப்பு வரட்டும்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

நடந்தது இதுதான். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்க வைக்கும் எந்த இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு இல்லங்களில் நடந்த கொடுமைகளை வைத்துத் தொடங்கிய ஒரு வழக்கில்தான், நாடு முழுக்க எல்லா இல்லங்களும் 2017 டிசம்பர் 31-க்குள் பதிவு செய்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இல்லத்தை மூடினால் பிள்ளைகளைத் தெருவில் விட முடியாதே. அவர்களை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தி, பதிவு பெற்ற வேறொரு இல்லத்தில் தற்காலிகமாகச் சேர்ப்பார்கள். இது பறிமுதல் அல்ல, இடைக்கால ஏற்பாடு.

இப்போது தாய்மாமன் உரிமை. காது குத்தில், சீரில் உங்களுக்குத்தான் முதல் மரியாதை. சட்டத்தில் அப்படித் தனி நாற்காலி இல்லை. தந்தை உயிரோடு இருந்தால் அவரைத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் 'தகுதியான நபர்' என்று குழு ஏற்றுக்கொண்டால் பிள்ளைகளை உங்களிடம் ஒப்படைக்கலாம். ஆகவே 'நான் மாமன், கொடு' என்று சண்டைக்குப் போகாமல், 'நான் வளர்க்கிறேன், இதோ என் நிலைமை' என்று எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளின் அப்பாவுடைய கடைசி போன் நம்பர், அவரோடு கூட வேலை பார்த்தவர், மேஸ்திரி பெயர் எல்லாவற்றையும் அதில் சேருங்கள். அவரைத் தேடும் வேலை சீக்கிரம் முடிந்தால் உங்களுக்குத்தான் நல்லது.

பிள்ளைகள் இருந்தது ஓசூரில் என்பதால் விசாரணை கிருஷ்ணகிரி மாவட்டக் குழுவிடம் இருக்கும். பென்னாகரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் பஸ் மாறிப் போய் வருவது கூலியையும் கெடுக்கும். சொந்த மாவட்டமான தருமபுரிக் குழுவுக்கே மாற்றித் தரும்படி கேட்க வழியிருக்கிறது. மனுவிலேயே அதையும் எழுதிவிடுங்கள். அக்காவின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று, குடும்ப அட்டை எல்லாவற்றிலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டு விசாரணைக்கு ஆள் வருவார். சமூக விசாரணை அறிக்கைக்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 15 நாள். முழு விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த விசாரணைக்காகப் பக்கத்து வீட்டுக் கட்டிலையும் டிவியையும் இரவல் வாங்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள், யார் சமைப்பார், எந்தப் பள்ளி, வீட்டில் குடிப்பவர் உண்டா என்றுதான் கேட்பார்கள். உங்கள் மனைவியும் விசாரணையின்போது வீட்டில் இருக்கட்டும்; அவர் சம்மதம் இல்லாமல் இது நடக்காது என்பது வருகிறவருக்கும் தெரியும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஓட்டு வீடு என்பதற்காக யாரும் மறுக்க முடியாது.

செலவுக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகளை ஹோமில் விட்டதே அதனால்தானே. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஸ்பான்சர்ஷிப் என்று சொல்லும் நிதி ஆதரவு, ஒரு பிள்ளைக்கு மாதம் ரூ.4,000. கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000. தமிழ்நாடு அரசு 2025-ல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயதுவரை மாதம் ரூ.2,000 உண்டு. இரண்டையும் பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். இது முன்பே தெரிந்திருந்தால் அந்த ஹோமுக்கே போயிருக்க மாட்டீர்கள்.

ஹோம்காரர் பத்திரத்தில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கியிருந்தால் கலங்க வேண்டாம். பிள்ளையை ஒப்படைப்பது குழுவின் முன் செய்தால்தான் செல்லும். அப்படிச் செய்தாலும் மறுபரிசீலனைக்கு இரண்டு மாதம் உண்டு. 'படிக்க ஹாஸ்டலில்தான் விட்டேன் என்று சொல்லுங்கள்' என்று அவர் போன் செய்யக்கூடும். பதிவில்லாமல் நடத்தியதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்பது அவர் கவலை. நீங்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

குழுவின் உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். குழந்தைகளுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். பிள்ளைகள் எந்த இல்லத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

பெண்ணையும் பையனையும் தனித்தனி இல்லத்தில் வைத்திருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும், பாட்டி போய்ப் பார்க்கவும் அனுமதி கேட்டு ஒரு வரி சேருங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.