பழைய லேப்டாப்பில் பிராசஸரை நாமே மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் டெல் லேட்டிட்யூட் இ6430 இருக்கிறது. ஐ3-3110எம் பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கல்லூரியில் படிக்கும் மகள்தான் பயன்படுத்துகிறாள். ஆன் செய்தால் வேலை தொடங்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. ‘ஐ7 பிராசஸர் போட்டால் புதுசு மாதிரி ஓடும்’ என்கிறார் கடைக்காரர். வீடியோ பார்த்து நானே மாற்றிவிடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: மாற்றலாம். இந்த மாடலில் பிராசஸர் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, கழற்றி மாட்டலாம். ஆனால் நீங்கள் சொல்லும் தொல்லை பிராசஸரால் வருவதாகத் தெரியவில்லை. காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப் திணறும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு (பிராசஸர்தான்) இருபது முப்பதில் கிடந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். மெமரி தொண்ணூறைத் தாண்டினால் ரேம் போதவில்லை. சிபியு விடாமல் நூறைத் தொட்டால் மட்டுமே பிராசஸரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உங்கள் லேப்டாப்பில் முதல் இரண்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். அதனால் முதல் செலவு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பகம்), இரண்டாவது ரேம். இதில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு, 16 ஜிபி வரை ஏற்கும். இப்போதுள்ள 4 ஜிபி ஒரே துண்டா, இரண்டு 2 ஜிபி துண்டுகளா என்று முதலில் பாருங்கள். ஒரே துண்டு என்றால் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 வாங்கிச் சேர்த்தால் போதும். இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மகளுக்கு பிரவுசர், வேர்ட், வீடியோ வகுப்பு, கொஞ்சம் கோடிங் என்ற அளவில்தான் வேலை என்றால் பிராசஸர் பேச்சே எழாது.

அதற்குப் பிறகும் சிபியு நூறில் நின்றால், வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலை இருந்தால், சரி, மாற்றுங்கள். எதை வாங்குவது? இதே மாடலில் நிறுவனமே போட்டு விற்ற பிராசஸர்களிலிருந்து தேர்ந்தெடுங்கள். அவற்றை பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அடையாளம் காணும் என்பது உறுதி. ஐ7-3520எம் இரண்டு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், உங்கள் ஐ3 போலவே 35 வாட். ஐ3-3110எம் 2.4 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ கிடையாது. ஆகவே வித்தியாசம் தெரியும். ஐ7-3720க்யூஎம் நான்கு கோர், ஆனால் 45 வாட். கூடுதல் சூட்டை உங்கள் ஹீட் சிங்க் (பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி) தாங்க வேண்டும், சார்ஜரும் 65 வாட்டாக இருந்தால் 90 வாட்டுக்கு மாற வேண்டும். படிக்கிற பெண்ணின் லேப்டாப்புக்கு 35 வாட்டிலேயே நிற்பது நல்லது என்பேன். வாங்குவதற்கு முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். புது பிராசஸர் போட்டபின் திரை வராமல் நின்றால், அப்போது புதுப்பிக்க வழியிருக்காது.

இனி வேலை. டெல் தளத்தில் இந்த மாடலின் கையேடு இலவசம், அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களின் அருகே 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1-லிருந்து. இந்த வரிசை சும்மா போட்டதல்ல. டெஸ்க்டாப் பிராசஸருக்கு மேலே உலோக மூடி இருக்கும். லேப்டாப் பிராசஸரில் சிலிக்கான் சில்லு அப்படியே வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் ஓரம் உடைந்துவிடும், உடைந்தால் குப்பைதான்.

சாக்கெட்டின் ஓரத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூ, பக்கத்தில் திறந்த பூட்டும் மூடிய பூட்டும் வரைந்திருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று திருப்பினால் பிடி விடும். பிராசஸரை நேராக மேலே தூக்குங்கள். புதியதன் மூலையிலுள்ள முக்கோணக் குறி சாக்கெட்டின் குறியோடு பொருந்த வேண்டும். வைத்ததும் தானாக உள்ளே இறங்கும். இறங்கவில்லையென்றால் அமுக்காதீர்கள், எடுத்துப் பின்களைப் பாருங்கள். சில்லிலிருந்து ஹீட் சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக அரிசி மணி அளவு வைத்தால் போதும். ஃபேன் வயரைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தலைமுறை ஐ7 (மேலே சொன்ன 3520எம், 3720க்யூஎம் இரண்டும் அதுதான்) போட்டாலும் விண்டோஸ் 11-க்கு இந்த லேப்டாப் தகுதி பெறாது. மைக்ரோசாஃப்ட் பட்டியல், இன்டெல்லைப் பொறுத்தவரை பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அதனால் எஸ்எஸ்டி மாற்றும்போதே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுங்கள். கல்லூரியில் விண்டோஸ் மென்பொருள்தான் வேண்டும் என்று கட்டாயம் இருந்தால், பிராசஸருக்கான காசை எடுத்துவைத்து அடுத்த லேப்டாப்புக்குச் சேருங்கள்.

கேள்வி: பென்டியம் 2020எம் இருந்த லேப்டாப்பில் ஐ5-3210எம் போட்டேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அரை மணி நேரம் ஆனதும் பட்டென்று அணைந்துவிடுகிறது. சூடும் இல்லை. பிராசஸர் கெட்டதா? (மதுரை வாசகர்)

பதில்: பிராசஸரில் பழுது இல்லை. உங்கள் மதர்போர்டில் எச்எம்70 சிப்செட் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) இருக்கிறதா என்று சிபியு-இசட் மென்பொருளில் ‘மெயின்போர்டு’ பக்கத்தில் பாருங்கள். விலை குறைந்த லேப்டாப்களுக்காக இன்டெல் செய்த சிப்செட் அது. செலரான், பென்டியம் மட்டும்தான் ஏற்கும். ஐ3, ஐ5, ஐ7 எது போட்டாலும் முப்பது நிமிடத்தில் அணைந்துவிடும். சாக்கெட் ஒன்றுதான் என்பதால் நிறையப் பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பேஸ்ட் மாற்றுவது, விண்டோஸை மறுபடி போடுவது எதுவும் உதவாது. பழைய பென்டியத்தையே திரும்ப மாட்டுங்கள், ஐ5-ஐ விற்றுவிடுங்கள். எச்எம்76 என்று காட்டினால் விஷயம் வேறு, அப்போது பேட்டரியையும் சார்ஜரையும் சோதிக்க வேண்டும்.

கேள்வி: ஆன்லைன் சந்தை ஒன்றில், சாக்கெட்டில் மாட்டும் வகை என்று போட்டிருந்த ஐ7 வாங்கினேன். வந்ததில் பின்களே இல்லை, அடியில் சின்னச் சின்ன உருண்டைகள்தான். ‘பழைய பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார் விற்றவர். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: உங்களுக்கு வந்தது மதர்போர்டில் சால்டர் செய்யும் (நிரந்தரமாகப் பற்றவைக்கும்) வகை. ஒரே பெயரில் இரண்டு வகையும் வந்திருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். மூன்றாம் தலைமுறையில் சாக்கெட்டுக்கு எஃப்சிபிஜிஏ988, சால்டருக்கு எஃப்சிபிஜிஏ1023 அல்லது 1224 என்று இன்டெல் தளத்தில் இருக்கும். தமிழில் எழுதினால் ஒரே மாதிரி தெரிவதால், 988 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

விற்றவர் சொல்வது செல்லாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை அவர் மாற்றுவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், சில்லின் அடிப்பக்கத்தைப் படமெடுங்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். அது நகரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தயங்காமல் அழையுங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அடுத்த முறை வாங்கும்போது சில்லின் மேற்புற எழுத்துகளையும் படத்தில் கேளுங்கள். ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்றிருந்தால் அது நிறுவனங்களுக்குச் சோதனைக்காகக் கொடுத்த மாதிரிச் சில்லு. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஐ5-8250யு லேப்டாப்பில் ஐ7 போட முடியுமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: முடியாது. ‘யு’ என்று முடிபவை எல்லாமே சால்டர் செய்தவை. நான்காம் தலைமுறையில் ‘எம்’, ‘எம்க்யூ’ என்று முடிபவை சாக்கெட்டில் வந்தன. ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல் வழக்கமான லேப்டாப் பிராசஸர்களுக்கு சாக்கெட்டே தரவில்லை. மதர்போர்டையே மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களுடையது எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கும். ரேமை 8 ஜிபிக்குக் கொண்டுபோய், ஃபேனில் அடைந்த தூசியை எடுத்து, பேஸ்ட்டைப் புதிதாக வைத்துப் பாருங்கள். சூட்டினால் வேகம் குறைந்துகொண்டிருந்தால் அதிலேயே சரியாகிவிடும்.