ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இடுப்பெலும்புக்கும் என்ன தொடர்பு?

கீழக்கரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஆஸ்துமாவுக்காக இரண்டு ஆண்டுகளாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் வாப்பாவுக்கு இடுப்பு வலி, மூச்சுக்கான மருந்து எலும்பைத் தொடுமா?

தொடும். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் மூலச் செல்களோடு இன்னொரு வகையும் உண்டு. அவை எலும்புச் செல்லாகலாம், குருத்தெலும்பாகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம். சாயல்குடிப் பக்கம் பனையேறுபவர்களைக் கேளுங்கள்: பாளையில் வடிவது ஒரே சாறுதான், கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இங்கும் சூழல்தான் முடிவு செய்கிறது.

ஸ்டீராய்டு செல்லுக்குள் புகுந்து, தன்னைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய் மரபணுக்களை இயக்குகிறது. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால், கொழுப்புப் பாதையைத் திறக்கும் பிபிஏஆர்-காமா என்ற புரதம் ஓங்குகிறது. எலும்புப் பாதைக்கான விண்ட் (Wnt) என்ற செல் சமிக்ஞை தளர்கிறது. மஜ்ஜையில் கொழுப்பு பெருகி அழுத்தம் கூடும்போது தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் குறைந்து, அப்பகுதி செத்துப்போகவும் கூடும்.

வேடிக்கை என்னவென்றால், ஆய்வகத்தில் இதே மூலச் செல்களை எலும்பாக்கும் கரைசலிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். கொழுப்பாக்கும் கரைசலிலும் சேர்க்கிறார்கள்! அளவும் காலமும் கூடச் சேரும் பொருள்களுமே திசையை மாற்றுகின்றன. ஆகவே ‘ஸ்டீராய்டு என்றாலே விஷம்’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடலுக்கான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். தொடக்க நிலையில் எக்ஸ்ரே இயல்பாகவே தெரியலாம் என்பதால், எம்ஆர்ஐ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஹேலருக்கு மாற முடியுமா என்பதையும் கேளுங்கள். அதில் ரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு.