தோப்பை அடகு வைக்க வேண்டாம், மகன் வேலையை விடவும் வேண்டாம்

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதிய தந்தைக்கு,

வணக்கம் ஐயா. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஓசூர் சிப்காட்டில் நிரந்தர வேலை பார்க்கும் மகனுக்கு ராணுவ உடுப்பின் மேல் ஆசை. உங்கள் மைத்துனரோ மாந்தோப்பை அடகு வைத்தாவது பெங்களூரில் பி.இ. சேர்க்கச் சொல்கிறார். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்த அடகுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மூன்று வருட ஃபீஸ், மூன்று வருடச் சம்பள இழப்பு, மேலே வட்டி. அவ்வளவும் கொடுத்துவிட்டு அதே சிப்காட் கேட்டில் டிரெய்னியாக நிற்பதற்கா? பையன் கேட்காத படிப்பு அது.

அக்னிவீர், போலீஸ் தேர்வு பற்றி ஊரே பேசுகிறது, விடுங்கள். டெரிடோரியல் ஆர்மியைப் பாருங்கள். வேலையில் இருந்துகொண்டே சேரும் படை. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 18 முதல் 42 வயது வரை சேரலாம். சிப்பாய்க்குப் பத்தாம் வகுப்பு போதும். வருடத்தில் இரண்டு மாதம் வரை பயிற்சி, அந்த நாட்களுக்கு ராணுவச் சம்பளம். கோயம்புத்தூரிலேயே மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 110-வது பட்டாலியன் இருக்கிறது.

"கூப்பிட்டுவிட்டால் கம்பெனி வேலை போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பிடத்தான் செய்வார்கள். 2025 மே மாதம் இந்தப் படையின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ முழுநேரப் பணிக்கு அழைக்க அரசு உத்தரவிட்டது. அந்த உத்தரவு 2028 பிப்ரவரி வரை செல்லும். ஆனால் 1948-ஆம் வருட டெரிடோரியல் ஆர்மி சட்டத்தின் 7ஏ பிரிவுப்படி, பணி முடிந்து திரும்புகிறவரை முதலாளி மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும். இடையில் போகாமலே இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ, அதற்குக் குறையாமல். அழைப்பு வரும் முன்பே தந்திரமாக வேலையை விட்டு நீக்கினாலும் அந்தக் கடமை தீராது. 7பி பிரிவு பி.எஃப்., ஓய்வூதிய நிதி உரிமைகளைக் காக்கிறது.

இத்தனை இருந்தும் கம்பெனி முடியாது என்று நின்றால்? விசாரிக்கும் அதிகாரி வேலை கொடுக்கச் சொல்லலாம், ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு தரச் சொல்லலாம், கம்பெனிக்கு விலக்கும் கொடுக்கலாம். உத்தரவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். நிரந்தர வேலைக்கு இது ஈடே இல்லை. அதனால் சட்டத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. கம்பெனியின் சம்மதத்தை ஹெச்.ஆர். கையெழுத்து, சீலோடு கடிதமாக வாங்குங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கம்பெனி பெயரிலா, கான்ட்ராக்டர் பெயரிலா என்றும் பாருங்கள். கடமை முதலாளியின் மேல்தான் விழும், அதனால் முதலாளி யார் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது.

ராணுவ பென்ஷனை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்ட காலம் மொத்தம் 15 வருடம் சேர்ந்தால்தான் சிப்பாய்க்கு அது. பயிற்சி நாட்களை மட்டும் வைத்து வராது. சிப்காட் வேலையும் பி.எஃப்.-பும்தான் வீட்டின் தூண்.

ஆள்சேர்ப்பு முகாமுக்குப் பணமே கிடையாது. "ஆள் தெரியும், மூன்று லட்சம் கொடு" என்று எவர் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இந்த வாரமே ஹெச்.ஆர். கடிதத்துக்கு மனு கொடுக்கச் சொல்லுங்கள். கடிதம் வரும் வரை மகன் காலையில் ஓடிப் பழகட்டும். மைத்துனரிடம் நான் பேசுகிறேன். பி.இ. செலவை வட்டியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவர் வரட்டும்.