மதிப்பு அட்டவணை நிரப்புவது: கேள்வி பதில்

கேள்வி: ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் − 5. எக்ஸ் −2 முதல் 6 வரை. −2-க்கு எனக்கு −9 வருகிறது, விடை 7 என்கிறார்கள். எங்கே தப்பு சார்?

பதில்: நடு உறுப்பில். −4-ஐ −2-ஆல் பெருக்கினால் +8. நீங்கள் −8 போட்டதால் 4 − 8 − 5 = −9 ஆகிவிட்டது. ஒரே மூச்சில் ஒய் கண்டுபிடிக்கப் போகாமல் உறுப்புக்கு ஒரு வரிசை போடுங்கள்.

எக்ஸ்²: 4, 1, 0, 1, 4, 9, 16, 25, 36
−4எக்ஸ்: 8, 4, 0, −4, −8, −12, −16, −20, −24
−5: எல்லாக் கட்டத்திலும் −5 தான். அதையும் எக்ஸால் பெருக்கி வைப்பவர்கள் உண்டு.
ஒய்: 7, 0, −5, −8, −9, −8, −5, 0, 7

இனி பக்கத்துப் பக்கத்து ஒய்களின் வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள்: −7, −5, −3, −1, 1, 3, 5, 7. இரண்டிரண்டாக ஏறுகிறது. உங்கள் −9-ஐ வைத்தால் முதல் வித்தியாசமே 9, அடுத்தது −5. தப்பு தானாகக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்²-க்கு முன் 3 இருந்தால் ஆறாறாக ஏறும். எக்ஸ் ஒவ்வொன்றாகக் கூடும்போதுதான் இது செல்லும்.

கேள்வி: இரண்டு பக்கமும் ஒன்றுபோல வருகிறதே, பாதியைக் கணக்கிட்டு மீதியைப் பார்த்து எழுதலாமா?

பதில்: நடு எது என்று தெரிந்தால் எழுதலாம். மேலே நடு 2. எக்ஸ்² − 3எக்ஸ் + 2-இல் எக்ஸ் 1-க்கும் 2-க்கும் ஒய் 0, நடு 1.5, அங்கே ஒய் −0.25. அட்டவணையில் அந்தப் புள்ளியே இருக்காது. 1-ஐயும் 2-ஐயும் ஸ்கேலால் தட்டையாக இணைத்தால் வளைவு செத்தது. புள்ளி வைத்து முடித்ததும் ஸ்கேலைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கால்குலேட்டரில் −2² அடித்தால் −4 காட்டுகிறதே?

பதில்: அடைப்புக்குறி போடுங்கள். (−2)².

கேள்வி: எக்செலில் அதே −2^2 அடித்தால் 4 வருகிறது. அப்போது கால்குலேட்டர்தானே தப்பு?

பதில்: இல்லை. கணித வழக்கில் அடுக்கு முதலில், மைனஸ் பிறகு, ஆகவே −4. எக்செல் முன்னால் நிற்கும் மைனஸை எண்ணோடு ஒட்டிவிடுகிறது.

கேள்வி: கோடிப்பேர் பயன்படுத்துவது எப்படித் தப்பாகும்?

பதில்: தப்பு என்று சொல்லவில்லை, அதன் விதி வேறு. அதே எக்செலில் 0−2^2 அடியுங்கள், −4 வரும். அங்கே மைனஸ் கழித்தல் குறி. பைத்தான் நிரல்மொழியில் −2**2 போட்டாலும் (** அங்கே அடுக்குக் குறி) −4-தான்.

கேள்வி: 12/எக்ஸ் அட்டவணையில் 0-க்கு 0 போடலாமா?

பதில்: கூடாது. கட்டத்தில் கோடு போட்டு விடுங்கள். வளைவும் அங்கே இரண்டு துண்டு, சேர்க்காதீர்கள்.

கேள்வி: −3-ஐ வர்க்கம் செய்தால் மைனஸா பிளஸா?

பதில்: அடைப்புக்குறி!

கேள்வி: முதல் கணக்குக்கு என்ன அளவுத்திட்டம்?

பதில்: ஒய் அச்சில் 1 செ.மீ = 2 அலகு. −9 முதல் 7 வரை 8 செ.மீ.க்குள் அடங்கும்.

கேள்வி: எக்செல்காரர் சொன்னதுதான் சரி என்று எங்கள் டியூஷனிலும் சொல்கிறார்கள்...

பதில்: அவர்களையும் 0−2^2 அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.