போணி நிறையத் தண்ணீர் இருந்தும் ரோஜா ஏன் தலை தொங்குகிறது?

கேள்வி: சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) முகப்பில் பெரிய பித்தளைப் போணி நிறையத் தண்ணீர் விட்டு ரோஜாவும் ஜெர்பராவும் வைத்தோம். சர்க்கரையும் ஒரு செப்புக் காசும்கூடப் போட்டோம். மறுநாளே எல்லாம் தலை தொங்கிவிட்டன. பூக்காரர் பழைய பூவைத் தள்ளிவிட்டாரா?
- வாசகி, காரைக்குடி

பதில்: பூக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் போணியின் உள்சுவரை விரலால் வழித்துப் பாருங்கள். வழுவழுவென்று வந்தால் ஆள் அகப்பட்டாயிற்று. வெளியே புளி போட்டுப் பளபளக்கத் தேய்ப்பவர்கள் உள்ளே கை விடுவதில்லை! பூக்காரரின் வாளியும் அதே லட்சணத்தில் இருந்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு.

வெட்டிய தண்டிலிருந்து சாறு கசியும், நீரில் மூழ்கிய இலை அழுகும். இரண்டையும் தின்று பாக்டீரியா பெருகும். தண்டு நீரை உறிஞ்சும்போது அவையும் உள்ளே போய், அவை விடும் கொழகொழப்போடு சேர்ந்து அடித்தண்டின் நுண்குழாய்களை அடைத்துவிடும். செத்த பாக்டீரியாவும் அடைக்கும். அதனால் வாடிய பிறகு மருந்து ஊற்றிப் பயனில்லை. அடைத்த துண்டை வெட்டித்தான் எறிய வேண்டும்.

வெறும் சர்க்கரை, பாக்டீரியாவுக்கு நீங்கள் வைத்த விருந்து. பூ வாடாதிருக்கத் தண்ணீரில் கலக்கப் பூக்கடையில் தரும் பொட்டலத்தில் சர்க்கரையோடு கிருமிநாசினியும் அமிலமும் இருக்கும். செம்பு கிருமியைக் கொல்லும்தான், ஆனால் ஒரு காசிலிருந்து கரைவது அத்தனை தண்ணீருக்கு எந்த மூலைக்கு?

போணியை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிய பிளாஸ்டிக் வாளியை இறக்குங்கள், ஏனென்றால் பாக்டீரியாவைக் கொல்லத் தண்ணீரில் விடப்போகும் பிளீச் பித்தளையை அரிக்கும். லிட்டருக்கு 1 மில்லி பிளீச் திரவம் (சோடியம் ஹைப்போகுளோரைட், 4–5 சதவீதம்) போதும். மருந்து சிரிஞ்சில் அளந்து விடுங்கள். தாராளமாக ஊற்றினால் தண்டு வெளுத்து வெந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக் கூடாது. அடித்தண்டில் 2–3 செ.மீ. கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். மொக்கைக் கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். தண்ணீருக்குள் வைத்து வெட்டினால் காற்றுக் குமிழி புகாது. குளோரின் வீரியம் சீக்கிரம் போய்விடுவதால் 2 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, மறுபடியும் கொஞ்சம் வெட்டுங்கள்.

தலை தொங்கிய ரோஜாவை உடனே குப்பையில் போடாதீர்கள். அடியை வெட்டி, கழுத்து நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, சுத்தமான நீரில் சில மணி நேரம் நிறுத்துங்கள். வாடி அதிக நேரம் ஆகாதது பெரும்பாலும் நிமிரும்.

ஜெர்பரா வேறு ஜாதி. ரோமம் படர்ந்த மென்தண்டு, நீரில் மூழ்கிய அளவுக்கு அழுகும். அதற்குத் தனிப் பாத்திரம், 5 செ.மீ. தண்ணீர் மட்டும்.