ரேஞ்சில் புலி, கோர்ஸில் எலி

கேள்வி: எனக்கு வயது 41, சென்னையில் ஐ.டி. வேலை. எட்டு மாதமாக வாரம் மூன்று நாள் டிரைவிங் ரேஞ்சுக்கு (ஒரே இடத்தில் நின்று பந்து அடித்துப் பழகும் இடம்) போய் கோல்ஃப் பழகுகிறேன். 40 நிமிடத்தில் 100 பந்து அடிப்பேன். அதில் 70 நேராகப் போகும். செவன் அயர்ன் என்கிற கிளப்பில் (பந்து அடிக்கும் மட்டை) 150 கஜம் போகிறது. கோச்சுக்கும் திருப்திதான். ஆனால் கோர்ஸில், அதாவது நிஜ ஆட்ட மைதானத்தில், இறங்கினால் எல்லாம் தலைகீழ். ஒன்று, பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டுகிறேன். இல்லையென்றால் பந்தின் தலையில் தட்டுகிறேன். முதல் டீயில் (முதல் பந்து அடிக்கிற இடம்) கை நடுங்குகிறது. ஆறு முறை ஆடியதில் என் சிறந்த ஸ்கோரே 118 அடி (குறைந்தால்தான் நல்லது). ‘ரேஞ்சில் புலி, கோர்ஸில் எலி’ என்று ஆபீஸ் நண்பர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். மே மாதம் அதே கூட்டத்தோடு ஊட்டி ஜிம்கானா கோர்ஸில் ஆடப்போகிறோம். கோச்சை மாற்றுவதா, கிளப் செட்டை மாற்றுவதா? ‘பேசாமல் வாக்கிங் போங்கள், காசாவது மிஞ்சும்’ என்கிறார் மனைவி.
– பெயர் வெளியிட வேண்டாம், சென்னை

பதில்: இரண்டையும் மாற்ற வேண்டாம். செட்டை மாற்றினால் மண்ணை வெட்டத்தான் போகிறீர்கள், புது செட்டால்.

நூற்றில் 70 பந்து நேராகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். முதல் பந்து எப்படிப் போகிறது என்று மட்டும் எழுதவில்லை. அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது அதைக் கவனியுங்கள். கிளப்பை மாற்றியதும் அடிக்கிற முதல் பந்தையும் சேர்த்துக் கவனியுங்கள். அவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், நூற்றுக்கு 70 என்ற கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரியும். கோர்ஸில் நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு பந்தும் முதல் பந்துதான். டிரைவரால் (ரொம்ப தூரம் அடிக்கிற கிளப்) ஒன்று அடித்து, நடந்து, தேடிக் கண்டுபிடித்து, அப்புறம் வேறொரு கிளப்பால் வேறொரு தூரத்துக்கு ஒன்று. சரியாகப் போகாவிட்டால் காலால் இன்னொரு பந்தை இழுத்து வைத்துக்கொள்ள முடியாது. ரேஞ்சில் உங்களைப் புலியாக்குவது பக்கத்தில் காத்திருக்கிற அந்த அடுத்த பந்து.

கணக்கையே பாருங்கள். 40 நிமிடத்தில் 100 பந்து என்றால் 24 விநாடிக்கு ஒன்று. கோர்ஸில் 118 அடிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இரண்டு நிமிடம். கிளப்பை வீசுகிற ஸ்விங்கை எடுத்து முடிக்க இரண்டு விநாடிகூட ஆகாது. ஆக, அந்த நாலு மணி நேரத்தில் நிஜமாக பந்து அடிக்கிற நேரம் மூன்று நான்கு நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் நடப்பதும், போன அடியை நினைத்து வேகுவதும், வரப்போகிற அடியை நினைத்துப் பயப்படுவதும். இந்தப் பகுதிக்கு நீங்கள் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூடப் பயிற்சி எடுக்கவில்லை. ஆறு முறை நேராகப் பரீட்சை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

மண் வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். அது கோர்ஸில் புதிதாக முளைத்த தவறு என்று நினைக்கிறீர்கள். ரேஞ்சிலும் அதையேதான் செய்கிறீர்கள் என்பது என் ஊகம். அங்கே காலடியில் இருப்பது மேட், ரப்பர் மேல் ஒட்டிய செயற்கைப் புல். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் கிளப் விழுந்தாலும் அது வழுக்கிக்கொண்டு போய் பந்தை அடித்துவிடும். பந்தும் ஓரளவு நேராகவே பறக்கும். நிஜ மண்ணில் அதே இரண்டு அங்குலத்துக்கு கிளப் புதைந்து நிற்கும். அப்படி இரண்டு முறை புதைந்ததும் பயத்தில் உடம்பு தானாக மேலே எழும்பும். அப்போது பந்தின் தலையில் தட்டுவீர்கள். நோய் ஒன்றுதான். மேட் அதை மறைத்து வைத்திருந்தது.

இதற்கு ஒரு மலிவான வைத்தியம் உண்டு. ஒரு சின்னத் துண்டை மடித்து, பந்துக்குப் பின்னால் நாலு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். துண்டில் படாமல் பந்தை அடிக்க வேண்டும். முதல் நாள் எரிச்சலாக வரும், பக்கத்து மேட்காரர் பார்ப்பார், பரவாயில்லை. நிஜப் புல்லில் அடிக்க இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. அயர்னில் அடித்தால் புல் பெயர்ந்த தழும்பு பந்து இருந்த இடத்திலோ அதற்கு முன்னாலோ தொடங்க வேண்டும்.

மேட் இன்னொரு உதவியும் சத்தமில்லாமல் செய்கிறது. அதன் ஓரக்கோடு நேர்கோடு. கால்களை அதற்கு இணையாக வைத்தாலே குறி பார்த்தாயிற்று. கோர்ஸில் அந்தக் கோடு கிடையாது. டீயே சில இடத்தில் மரத்தைப் பார்த்துத் திரும்பி இருக்கும். 18 மேஜர் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸ் பந்துக்குச் சற்று முன்னால், குறிக்கு நேர்கோட்டில், ஒரு இலையையோ பழைய தழும்பையோ தேர்ந்தெடுத்து அதை வைத்துத்தான் கிளப்பை நிறுத்துவார். 200 கஜத்துக்கு அப்பால் குழியில் நட்டிருக்கிற கொடியைவிட இரண்டடியில் கிடக்கிற சருகைக் குறி பார்ப்பது சுலபம், அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்போது பயிற்சி. நூறு பந்து வேண்டாம், 50 போதும். முதல் 15 பந்து உடம்பு சூடாக. மிச்சம் 35 பந்தில் கோர்ஸை ஆடுங்கள். முதல் ஹோலை (டீயிலிருந்து குழி வரை ஒரு ஹோல்) மனதில் கொண்டுவாருங்கள். டிரைவர் எடுத்து அடியுங்கள். வலப்பக்கம் போய்விட்டதா? இப்போது எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கும், நடுவே மரம் இருக்குமா என்று யோசித்து அதற்கேற்ற கிளப்பை எடுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் மேட்டை விட்டு இறங்கி, பின்னால் நின்று குறி பார்த்து, மறுபடி ஏறுங்கள். ஒரே கிளப்பால் அடுத்தடுத்து இரண்டு பந்து கூடாது. யோசிக்க ஆரம்பித்ததிலிருந்து 40 விநாடிக்குள் அடித்துவிடுங்கள். 2019 விதிகள் கோர்ஸில் பரிந்துரைப்பதும் அதே நேரம்தான்.

இப்படி ஆடினால் நூற்றுக்கு 70 நல்ல அடி என்பது 40 ஆகக்கூடக் குறையலாம். மனம் வெறுத்துவிட வேண்டாம். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கையில் டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு, சொன்ன வரிசையில் சில தடுப்புகளைத் தட்டிவிட வேண்டும். மொத்தம் மூன்று வரிசைகள். ஒரு குழு ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பழகும்போது முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களுக்குத்தான் அதிகம் கையில் நின்றது. நீங்கள் எட்டு மாதமாக முதல் குழுவில் இருக்கிறீர்கள்.

அதற்காக ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது வீண் என்று சொல்லவில்லை. மூன்று மேஜர் வென்ற ஃபிஜி நாட்டு விஜய் சிங் ரேஞ்சிலேயே குடியிருப்பவர் என்று பேர் வாங்கியவர். கோச் புதிதாக ஒரு பிடியோ அசைவோ சொல்லிக்கொடுத்தால், அது கையில் படிகிறவரை அப்படித்தான் அடிக்க வேண்டும். கோர்ஸுக்குப் போவதற்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் அந்த வேலை வேண்டாம்.

நடுக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எல்லாருக்கும் உண்டு. நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான். ரேஞ்சில் என்னைப் பார்த்திருந்த கேடி (பை தூக்கிக்கொண்டு வழி சொல்பவர், போலீஸ் பட்டியலில் வரும் கேடி அல்ல) மூன்றாவது ஹோலில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “சார், அங்க அடிக்கிறது உங்க அண்ணனா?” கோபம் வந்தது. நாலாவது ஹோலில் அவர் சொன்ன சின்ன கிளப்பை வாங்கி அடித்தேன். பந்து ஒழுங்காகப் போனது. அன்றிலிருந்து முதல் டீயில் டிரைவர் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது எனக்குப் பாடம். உங்களுக்கு எது ரொம்ப நம்பிக்கையோ அதை எடுங்கள்.

150 கஜம் என்பதும் உங்கள் சிறந்த அடி, சராசரி அல்ல. அதிலும் ரேஞ்ச் பந்துகள் அடிபட்டுத் தேய்ந்தவை. அவை காட்டும் தூரத்தை அப்படியே நம்ப முடியாது. பி.ஜி.ஏ. டூர் என்கிற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் ஆட்டக்காரர்களே மூன்று கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) ஏறத்தாழ இரண்டைத்தான் உரிய அடியில் பிடிக்கிறார்கள். எட்டடி தூரப் பட்டில் (கிரீனில் பந்தை உருட்டி அடிப்பது) பாதிக்குப் பாதிதான் குழியில் போடுகிறார்கள். நீங்கள் ஒவ்வொரு ஹோலிலும் பார் (அந்த ஹோலுக்கென்று வைத்திருக்கிற அடிக்கணக்கு) எடுக்க நினைப்பதால்தான் ஒன்பதும் பத்தும் விழுகிறது. உங்களுக்கென்று ஒரு பார் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்கோர் அட்டையில் 4 என்று இருந்தால் உங்களுக்கு 6. பார் 72 கோர்ஸில் 18 ஹோலும் இப்படி ஆடினால் 108. இப்போதைய 118-லிருந்து பத்து குறையும், ஸ்விங்கில் எதையும் தொடாமலே. இன்னொன்று: கடைசியாக ஆடிய அட்டையை எடுத்து, கிரீனிலும் அதற்கு 50 கஜத்துக்குள்ளும் எத்தனை அடி போனது என்று எண்ணிப்பாருங்கள். எண்ணி முடித்ததும், வாரம் மூன்று நாளில் ஒரு நாளை சிப்பிங்குக்கும் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து பந்தைச் சின்னதாகத் தூக்கி அடிப்பது) பட்டிங்குக்கும் ஒதுக்கிவிடுவீர்கள்.

ஊட்டி வேறு கதை. அது வென்லாக் டவுன்ஸ் என்கிற புல்வெளியின் மேடு பள்ளத்தில் இருக்கிற கோர்ஸ். மேட் மாதிரி சமமான இடம் தேடினாலும் அபூர்வம். நீங்கள் வலக்கைக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகப் பார்க்கும். கிளப்பைச் சற்றுக் கீழே தள்ளிப் பிடித்து, வலப்பக்கம் குறி வையுங்கள். பந்து பாதத்தைவிடத் தாழ்வாக இருந்தால் நேர் எதிர். ஏற்றத்தில் பந்து உயரமாகப் போய்ச் சீக்கிரம் விழும், ஒரு கிளப் பெரியதாக (இன்னும் தூரம் போகிறதாக) எடுங்கள். இறக்கத்தில் தாழ்வாகப் பறந்து உருண்டு ஓடும். இதற்கு மேல், ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. பந்து சென்னையைவிடத் தூரமாகவே பறக்கும். எல்லாவற்றையும் கணக்குப்போட்டுக் குழம்ப வேண்டாம், உள்ளூர் கேடி சொல்கிற கிளப்பை எடுங்கள்.

மனைவிக்குப் பதில்: 18 ஹோல் நடந்து ஆடினால் எட்டு கிலோமீட்டர் சுலபமாக வரும். அதுவும் வாக்கிங்தான். காசு மிஞ்சும் என்று மட்டும் நான் எழுதிக் கொடுக்க முடியாது. ஊட்டிக்கு ஸ்வெட்டரோடு கூடுதலாக ஒரு டஜன் பந்தும் எடுத்துப்போங்கள். புதருக்குள் போன பந்தைத் தேட விதி தருவது மூன்றே நிமிடம். விலை குறைந்த பந்தாகவே இருக்கட்டும்.